தகட்டின் முகத்தில் யார் பெயர்?

குறுந்தகட்டின் காலம் முடிந்துவிட்டது. இன்று விற்பனைக்கு வரும் மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றில் தகடு செருகுவதற்கான இடமே இல்லை. ஆனால் ஒரு காலம் முடிந்தவுடன் அக்காலத்தின் பொருள்களும் சேர்ந்து மறைந்துவிடுவதில்லை. இந்த நூற்றாண்டின் முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சிற்றிதழ் நண்பர்களும், நாட்டார் வழக்காற்றியல் மாணவர்களும், ஊர்ப்பற்று மிக்க பள்ளி ஆசிரியர்களும் பதிவுசெய்து, வீட்டுக் கணினியிலேயே படியெடுத்துப் பகிர்ந்துகொண்ட தகடுகள் இன்னும் நம் அலமாரிகளில் இருக்கின்றன. கொல்லிமலை ஊர்களில் பாடப்பட்ட நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் அவற்றுள் உண்டு. அத்தகடுகளின் மேல்முகத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கவலை.

பெரும்பாலும் எழுதப்பட்டிருப்பது 'கொல்லிமலை - 2' என்ற அளவில்தான். சற்றே வசதியோடு வெளியிடப்பட்ட தகடு என்றால் ஆகாய கங்கை அருவியின் வண்ணப்படம் இருக்கும். அல்லது செம்மேட்டில் நிற்கும் வல்வில் ஓரியின் சிலை இருக்கும். வெளியிட்டவர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். பாடியவர் பெயரைத் தேடினால் கிடைக்காது. எந்த ஊரில், எந்த ஆண்டில் பாடப்பட்டது என்பதும் கிடைக்காது. வீட்டில் இருந்தபடியே தகட்டின் மீது நேரடியாக அச்சிடும் வசதி வந்தபோது அதை அழகுக்கான வசதியாகவே பலர் எடுத்துக்கொண்டார்கள். பாடியவருக்குப் பெயர் தருவதே அதன் முதற்பயன் என்பது நம் கருத்து. அந்தக் கடமை இன்னும் பாக்கியிருக்கிறது என்பதும், அதைச் செய்து முடிப்பதற்கான காலம் வேகமாகக் குறைந்துவருகிறது என்பதும் நாம் சொல்ல விரும்புபவை.

தகடு என்னும் பொருளின் அமைப்பை நினைத்துப் பார்த்தால் இக்கவலையின் தீவிரம் விளங்கும். 1982-இல் சந்தைக்கு வந்த இசைத்தகட்டின் இலக்கணத்தில் பாட்டின் பெயருக்கோ பாடியவர் பெயருக்கோ இடம் ஒதுக்கப்படவில்லை. இது எத்தனையாவது பாட்டு, எந்த நொடியில் தொடங்குகிறது என்பவை மட்டுமே தகட்டுக்குத் தெரியும். 1996-இல் 'சிடி டெக்ஸ்ட்' என்ற பெயரில் எழுத்துகளைச் சேர்க்க ஒரு வழி வகுத்தார்கள். அதிலும் இலத்தீன் எழுத்துகளுக்கும் ஜப்பானிய எழுத்துகளுக்கும் இடம் வைத்தார்களே தவிர, தமிழுக்கு வைக்கவில்லை.

கடையில் வாங்கிய திரைப்படப் பாட்டுத் தகட்டைக் கணினியில் இட்டதும் பாடல்களின் பெயர்கள் திரையில் தோன்றுவதைக் கண்டு, அப்பெயர்கள் தகட்டிலேயே பொதிந்திருப்பதாகப் பலர் எண்ணியதுண்டு. உண்மையில் கணினி, பாட்டுகளின் எண்ணிக்கையையும் கால அளவுகளையும் கொண்டு இணையத்தில் இருந்த ஒரு பட்டியலைத் தேடி, அங்கே யாரோ முன்பே உள்ளிட்டு வைத்த பெயர்களை எடுத்துவந்து காட்டியது. கொல்லிமலையின் அரியூர் நாட்டில் ஒரு மூதாட்டி பாடிய தாலாட்டு அந்தப் பட்டியலில் எப்படி இருக்கும்? 'அறியப்படாத கலைஞர்' என்று ஆங்கிலத்தில் காட்டிவிட்டு, முதல் தடம், இரண்டாம் தடம் என்று கணினி எண்ணிக்கொண்டு போனது. பேரன் பேத்திகளால் மட்டுமல்லாமல் மூன்று ஊர்க்காரர்களாலும் அறியப்பட்ட ஒருவர், தகட்டுக்குள் போனவுடன் அறியப்படாதவர் ஆகிவிட்டார்.

ஒலிக்கோப்புகளாக எழுதப்பட்ட தகடுகளுக்காவது இந்தக் குறை இல்லாமல் போயிற்றா என்றால், அதுவும் இல்லை. திஸ்கி, டாப், டாம், பாமினி என்று ஆளுக்கொரு குறியீட்டில் தமிழ் எழுதிவந்த காலம் அது. ஒரு கணினியில் தமிழாகத் தெரிந்த கோப்பின் பெயர் மற்றொரு கணினியில் கேள்விக்குறிகளாகவும் கட்டங்களாகவும் மாறியது. தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தன் தரமாக ஏற்றது 2010-இல்தான். அதற்கு முன்பு, எதற்கு வம்பு என்று கோப்புகளுக்கு ஆங்கிலத்தில் ஓர் எண்ணை மட்டும் இட்டுவிட்டவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆக, தகட்டின் உள்ளே தமிழில் பெயர் எழுத வழியில்லை. எழுதினாலும் அது நிலைக்கும் என்ற உறுதியில்லை. தமிழ் நிம்மதியாக உட்காரக்கூடிய ஒரே இடமாகத் தகட்டின் மேல்முகம் இருந்தது.

அந்த முகத்தில் எழுதுவதற்கு நான்கு வழிகள் இருந்தன. அவற்றின் குணங்களை அறிவது இப்போதும் பயனுள்ளது. ஏனெனில், எஞ்சியிருக்கும் தகடுகளின் நலம் அதைப் பொறுத்தே இருக்கிறது. குறுந்தகடு 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள பாலிகார்பனேட் வட்டம். அதன் பளபளக்கும் அடிமுகத்தைத்தான் எல்லாரும் பொத்திப் பொத்திப் பாதுகாத்தார்கள். ஆனால் செய்தி தங்கியிருக்கும் சாயப்பூச்சும் அதன் மேலுள்ள உலோகப் பூச்சும் அந்த வட்டத்தின் மேல்புறத்தில், மெல்லிய அரக்குப் பூச்சுக்கு உடனே கீழே இருக்கின்றன. அடிமுகத்தில் விழும் கீறலைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். மேல்முகத்தில் விழும் கீறல் பாட்டையே சுரண்டி எடுத்துவிடும். இரண்டு வட்டங்களை ஒட்டிச் செய்யப்படும் டிவிடியில் செய்தி நடுவில் இருப்பதால் இந்த ஆபத்து குறைவு.

முதல் வழி பேனா. கடையில் கிடைத்த மார்க்கர் பேனாக்கள் பலவற்றில் இருந்த கரைப்பான் அந்த மெல்லிய பூச்சை நாளடைவில் ஊடுருவக்கூடும். இரண்டாவது வழி, காகித ஒட்டி. வட்டமாக வெட்டிய காகிதத்தில் அச்சிட்டு, அதைத் தகட்டின் மீது ஒட்டினார்கள். ஒட்டுவது ஒரு மயிரிழை விலகினாலும் வேகமாகச் சுழலும் தகட்டின் சமநிலை குலையும். ஈரக்காற்றில் காகிதம் உப்பும், வெயிலில் சுருங்கும், உரிக்கப் போனால் உலோகப் பூச்சையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். மலைமேல் பனியும் தூறலுமாக இருக்கும் ஊர்களில் இப்படிப்பட்ட தகட்டின் ஆயுளைச் சொல்லவும் வேண்டுமா? அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய, தொழில்நுட்ப நிறுவனமும் நூலக, தகவல் வளங்களுக்கான மன்றமும் 2003-இல் வெளியிட்ட பராமரிப்பு வழிகாட்டி, காகித ஒட்டியைத் தவிர்க்கும்படியும், நீரை அடிப்படையாகக் கொண்ட மையுள்ள பேனாவைப் பயன்படுத்தும்படியும், இயன்றால் நடுத்துளையைச் சுற்றியுள்ள ஒளிபுகும் வளையத்தில் மட்டும் எழுதும்படியும் சொன்னது.

மூன்றாவது வழி, தகட்டில் செய்தியை எழுதும் லேசர் கதிரைக் கொண்டே மேல்முகத்திலும் படம் எழுதுவது. ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனம் 2004-இல் அறிவித்த லைட்ஸ்கிரைப் இவ்வகையைச் சேர்ந்தது. இதற்கென்று தனிப் பூச்சுடைய தகட்டை வாங்கி, எழுதி முடித்தபின் கவிழ்த்துப் போட்டால், கதிர் பட்ட இடம் கறுத்து எழுத்தாகும். வண்ணம் கிடையாது, முழு வட்டத்தையும் நிரப்பப் பொறுமையும் வேண்டும், வெளிச்சத்தில் வைத்தால் எழுத்து மங்கும். யமஹாவும் ஃபியூஜிஃபிலிமும் கொண்டுவந்த லேபிள்ஃபிளாஷும் இதற்கு உறவுதான். இரண்டும் பத்தாண்டு அளவில் சந்தையை விட்டுப் போய்விட்டன.

நான்காவது வழி, மைத்துளிகளைப் பீய்ச்சும் அச்சுப்பொறியில் தகட்டையே செருகி அச்சிடுவது. வெள்ளைப் பூச்சுடைய தகட்டை ஒரு தட்டில் பொருத்தி உள்ளே தள்ளினால் மை நேரே தகட்டில் பதியும். நம் ஊர்களில் எப்சன் ஆர்230 போன்ற பொறிகள் இதற்குப் பெயர்பெற்றவை. மை உலர்வதற்கு ஒரு நாள் விட்டுவிட்டால் போதும். ஈரக்கை பட்டால் எழுத்து கரையும் என்பது உண்மை. ஆயினும் ஒட்டியைப் போலத் தகட்டைப் பிடித்து இழுக்காது, மார்க்கர் பேனாவைப் போல அழுத்திக் கீறாது. அச்சிடுவதற்கென்றே உண்டாக்கிய பூச்சு, மையைத் தானே வாங்கிக்கொள்கிறது. நான்கு வழிகளில் வீட்டில் செய்யத் தகுந்தது இதுவே. இன்றும் சில புகைப்பட அச்சுப்பொறிகளில் அந்தத் தட்டு உண்டு. தெருமுனைக் கணினி மையங்களில் பிளாஸ்டிக் அடையாள அட்டை அச்சிடுவதும் பல இடங்களில் இதே வகைப் பொறியில், தகட்டுத் தட்டுக்குப் பதிலாக அட்டைத் தட்டைச் செருகித்தான். பொறி இருக்கிறது, அதில் என்ன அச்சிடுவது என்பதே கேள்வி.

இந்தக் கேள்விக்கு விடை தேடிக் கொல்லிமலையை விட்டு வெகுதூரம் போக வேண்டியதில்லை. தமிழில் பாட்டுக்குப் பெயர்ச்சீட்டு எழுதும் மரபு எவ்வளவு உயிரானது என்பதற்கு இந்த மலையே சான்று. யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகியவற்றை ஒரே அம்பால் வீழ்த்திய வேட்டுவனைக் காட்டும் பாட்டு, புறநானூற்றில் 152-ஆம் பாட்டு. அது ஓரியைப் பற்றியது என்பது பாட்டின் உள்ளிருந்தே புலப்படும். அதைப் பாடியவர் வன்பரணர் என்பது பாட்டில் இல்லை. பாட்டின் அடியில் இருக்கும் குறிப்பே அதை நமக்குச் சொல்கிறது. திணை இன்னது, துறை இன்னது, இன்னாரை இன்னார் பாடியது என்று சில சொற்களில் முடிந்துவிடும் குறிப்பு அது. 1894-இல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது அக்குறிப்புகளையும் பாட்டுக்கு நிகரான கவனத்தோடு பதிப்பித்தார். அவை ஏடுகளில் தொடர்ந்து படியெடுக்கப்பட்டு வந்திராவிட்டால், சங்கப் புலவர் வரிசை என்று நாம் பெருமையோடு சொல்லும் வரிசையில் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்?

குறிப்பு தவறிப்போன இடங்களும் உண்டு. ஓரியைப் பாடிய மற்றொரு பாட்டு 204-ஆம் பாட்டு. கேட்பதன் இழிவையும் கொடுப்பதன் உயர்வையும் எடைபோடும் அப்பாட்டைத் தமிழ் படித்தவர் எவரும் மறந்திருக்க முடியாது. அதைப் பாடியவர் பெயர் கழைதின் யானையார். மூங்கிலைத் தின்னும் யானை என்பது பெற்றோர் இட்ட பெயராக இருக்க முடியாது. அது ஏதோ ஒரு பாட்டில் வந்த தொடராகத்தான் இருக்க வேண்டும். அந்தத் தொடர் நமக்குக் கிடைத்துள்ள அவருடைய பாட்டிலோ இல்லை. செம்புலப் பெயல்நீரார், அணிலாடு முன்றிலார் என்று குறுந்தொகையில் வரும் பெயர்களின் கதையும் இதுவே. இயற்பெயர் தொலைந்துவிட்டது, தொகுத்தவர்கள் பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்துப் பெயராகச் சூட்டினார்கள். பெயர் தெரியாத புலவரையும் 'அறியப்படாதவர்' என்று விட்டுவிட அவர்களுக்கு மனம் வரவில்லை. அந்த மனத்தோடு ஒப்பிட்டால், பாடியவர் எதிரில் உட்கார்ந்து பாடும்போதே பெயரைக் கேட்டு எழுதாமல் வந்துவிடுவது எவ்வளவு பெரிய அலட்சியம்!

கொல்லிமலையில் ஆண்டுதோறும் ஆடி 17, 18 நாள்களில் வல்வில் ஓரி விழா நடைபெறுகிறது. அந்த ஆடிப் பதினெட்டுக்குத் தமிழ்ச் சுவடிகளின் வரலாற்றில் ஒரு துயரமான இடமும் உண்டு. வீட்டில் கிடந்த பழைய ஏடுகளை அந்நாளில் ஆற்றுவெள்ளத்தில் விடும் வழக்கம் இருந்ததைச் சாமிநாதையர் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். ஏட்டின் மேல் பகை கொண்டு யாரும் அதை ஆற்றில் விடவில்லை. அது என்ன ஏடு என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லாமல் போனதே காரணம். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதும் வாடகை வீடு மாறும்போதும் முதலில் வெளியே போவது பெயர் எழுதாத தகடுதான் என்பதை நாம் எல்லாரும் அறிவோம்.

பெயரைப் பதிவோடு சேர்த்து வைக்க வேண்டும் என்ற தவிப்பு ஒலிப்பதிவின் வரலாற்றில் தொடக்கத்திலேயே இருந்தது. 1902 நவம்பரில் கல்கத்தாவில் கிராமபோன் நிறுவனத்துக்காகப் பாடிய கௌஹர் ஜான், பாட்டின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். கேட்பவர்கள் இதைச் செருக்கு என்றோ விளையாட்டு என்றோ நினைக்கலாம். பதிவுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குக் கப்பலில் சென்று அங்கே இசைத்தட்டாக அச்சாயின. அங்கிருந்த தொழிலாளருக்கு இந்துஸ்தானியும் தெரியாது, பாடகியையும் தெரியாது. எந்தத் தட்டில் யார் பெயரை ஒட்டுவது என்று அவர்களுக்குத் தெரிவதற்காகவே பாடியவர் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது என்று விளக்குகிறார்கள். தட்டின் நடுவிலுள்ள வட்டச் சீட்டுக்காகப் பாடகரே குரல் கொடுத்த காலம் அது. நூறாண்டு கழித்து, வீட்டிலேயே பதிவுசெய்து வீட்டிலேயே அச்சிடும் வசதி வந்தபிறகு, பாடியவருக்கும் பெயர்ச்சீட்டுக்கும் இடையில் கடலும் இல்லை, கப்பலும் இல்லை. ஆயினும் பெயர் வந்து சேரவில்லை.

பெயரும் ஊரும் எழுதிவைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் தென்னிந்தியாவிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. டச்சு இசையாய்வாளர் ஆர்னால்ட் பேக் 1938-39-இல் தென்னிந்தியாவில் பயணம் செய்து ஏராளமான நாட்டார் இசையைப் பதிவுசெய்தார். நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1984-இல், நசீர் ஜைரஸ்போயும் ஏமி கேட்லினும் அந்தப் பதிவுகளை எடுத்துக்கொண்டு, பேக் விட்டுச்சென்ற குறிப்புகளின் துணையோடு, பதிவு நடந்த ஊர்களுக்கே திரும்பிச் சென்றார்கள். எந்தக் கலை நிலைத்திருக்கிறது, எது மாறியிருக்கிறது, எது மறைந்துவிட்டது என்று நேரில் ஆராய்ந்தார்கள். அப்படித் திரும்பிச் செல்வதற்கு ஒரு பாதை இருந்தது; அந்தப் பாதை முழுவதும் குறிப்புகளால் ஆனது. 'கொல்லிமலை - 2' என்ற குறிப்பை வைத்துக்கொண்டு யார், எந்த ஊருக்குத் திரும்பிப் போக முடியும்? காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலே வந்தால், எதிரே நாடு நாடாகப் பிரிந்து கிடக்கின்றன எத்தனையோ சிற்றூர்கள்.

நம் கருத்துக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றையும் எடுத்துப் பேசுவதே முறை.

நாட்டார் பாட்டுக்கு ஆசிரியர் கிடையாது, அது சமூகத்தின் சொத்து, தனி ஒருவர் பெயரை அதன்மேல் எழுதுவது பொய்யான உரிமையை உண்டாக்கும் என்பது முதல் வாதம். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் நாம் கேட்பது இயற்றியவர் பெயரை அன்று, பாடியவர் பெயரை. ஒரே ஒப்பாரியை இருவர் பாடினால் அவை இரண்டு பாட்டுகள். எந்த உறவை முதலில் விளிப்பது, எந்த இடத்தில் மூச்சை நிறுத்துவது, எந்த அடியை விட்டுவிடுவது என்பதெல்லாம் பாடுபவரின் தேர்வுகள். நம் சட்டமும் இதை ஒப்புக்கொண்டுவிட்டது. 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துநரின் உரிமை இடம்பெற்றது. நிகழ்த்துநர் யார் என்று அச்சட்டம் சொல்லும் பட்டியலில் நடிகர், பாடகர், இசைஞர் ஆகியோரோடு கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும் இருக்கிறார்கள். 2012-இல் வந்த திருத்தம், நிகழ்ச்சியை நிகழ்த்தியவர் தாமே என்று அடையாளம் காட்டப்படும் உரிமையையும் சேர்த்துத் தந்தது. நெல்வயலில் பாடிய பெண்ணுக்கு அவ்வுரிமை இல்லை என்று சொல்ல யாராலும் முடியாது.

பெயரை வெளியிடுவது பாடியவருக்கே தீங்காக முடியலாம் என்பது இரண்டாவது வாதம். சாவு வீட்டில் பாடிய பாட்டு, சாமிக்கு மட்டும் பாடும் பாட்டு, ஊர்ப்பூசல்களைக் குத்திக்காட்டும் பாட்டு என்று பொதுவில் ஒலிக்கக் கூடாதவை பல உண்டு. இந்த வாதத்தை நாம் முழுமையாக ஏற்கிறோம். ஆனால் அதிலிருந்து பிறக்கும் முடிவு, பாடியவரைக் கேட்க வேண்டும் என்பதே. அவர் வேண்டாம் என்றால், 'பெயர் வெளியிட விருப்பமில்லை' என்று அச்சிடலாம். 'ஊருக்கு வெளியே தரலாகாது' என்றும் அச்சிடலாம். அதுவும் ஒரு குறிப்புத்தான். கேட்டார்கள் என்பதற்குச் சான்று. கேட்காமல் விட்டதற்கும் கேட்டு மறைத்ததற்கும் உள்ள வேறுபாட்டை வெறும் வெள்ளை வட்டம் காட்டாது.

தகடே சில ஆண்டுகளில் செத்துவிடும், அதன் முகத்தில் பெயர் எழுதி என்ன பயன் என்பது மூன்றாவது வாதம். வீட்டில் எழுதப்படும் தகட்டின் சாயப்பூச்சு வெயிலாலும் வெப்பத்தாலும் ஈரத்தாலும் கெடும் என்பது உண்மை. ஆனால் பெயர் எழுதிய தகடு செத்துவிட்டால், எதை இழந்தோம் என்பதாவது தெரியும்; அதே ஊருக்குப் போய், அந்தப் பாட்டு இன்னும் யாருக்காவது தெரியுமா என்று கேட்கலாம். புறநானூற்றில் 267, 268-ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. எண்வரிசை இருந்ததால்தான் இல்லாமையே நமக்குத் தெரிகிறது. பெயர் எழுதாத தகடு நலமாகவே ஓடினாலும் அதிலிருந்து எழும் குரலை நாம் யாரிடமும் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது.

எனவே, செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுவோம். முதலில், கையில் இருக்கும் தகடுகளை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். ஓடுபவற்றை உடனே கணினியிலும் வேறோர் இடத்திலுமாக இரண்டு படிகள் எடுத்துவிட வேண்டும். பழைய தகட்டில் வெள்ளைப் பூச்சு இல்லையென்றால் அதில் அச்சிட முயலக் கூடாது. நடுவளையத்தில் நீர்மைப் பேனாவால் ஓர் எண் எழுதினால் போதும். படியெடுத்த புதிய தகட்டை வெள்ளைப் பூச்சுள்ளதாக வாங்கி, அதன் முகத்தில் அச்சிடலாம். ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய தகட்டுக்கு இன்றும் ஒரு நன்மை இருக்கிறது. விரல்நீள நினைவுக்குச்சியில் இருப்பதைத் தவறுதலாக அழித்துவிட்டு அதன்மேல் திருமணப் படங்களை ஏற்றிவிடலாம். எழுதி முடித்த தகட்டில் அது நடக்காது.

நடுத்துளைக்கு அருகில் பூச்சில்லாத பகுதியை விலக்கிவிட்டுப் பார்த்தாலும், ஒவ்வொரு பக்கத்திலும் மூன்றரை சென்டிமீட்டர் அகலம் எழுதுவதற்குக் கிடைக்கும். மேல் அரைவட்டத்தில் பாட்டு எவ்வகை, பாடியவர் யார், எந்த ஊர், எந்த நாடு என்பவை. கீழ் அரைவட்டத்தில் பதிவுசெய்தவர் பெயர், பதிவான நாள், எந்தச் சூழலில் பாடப்பட்டது, யாருக்குத் தரலாம் என்பவை. நடவின்போதே பாடியதா, பதிவுக்காகத் திண்ணையில் உட்கார்ந்து பாடியதா என்று ஒரு சொல்லில் குறித்தால் அதுவே துறைக் குறிப்பு ஆகிவிடும். எட்டு விவரங்கள்; தமிழில் சிறிய எழுத்தில் எட்டு வரிகள். படியெடுத்த ஆண்டை ஓரத்தில் இட்டுவிட்டால், ஏட்டின் கடைசியில் தன் பெயரும் நாளும் எழுதி முடித்த பழைய எழுத்தரின் வழக்கமும் தொடர்ந்துவிடும். இத்தனைக்கும் பிறகு இடம் மிஞ்சினால் அருவியின் படத்தைப் போடலாம், யாருக்கும் மறுப்பில்லை.

தகடு வேண்டாம், எல்லாம் கைப்பேசியில் இருக்கிறது என்பவர்களுக்கும் இது பொருந்தும். இன்று கைப்பேசியில் பதிவாகும் பாட்டுக்குத் தானாக அமையும் பெயர், நாளும் ஒரு வரிசை எண்ணும் மட்டுமே. குழு குழுவாக அனுப்பப்படும்போது அதுவும் மாறிவிடுகிறது. குறியீட்டுச் சிக்கல் தீர்ந்து, கோப்பின் பெயரைத் தமிழிலேயே எழுத இடம் கிடைத்துவிட்ட இக்காலத்தில், அந்த இடமும் வெறுமையாகவே கிடக்கிறது. அச்சுப்பொறியோ மையோ வேண்டாம். இரண்டு நிமிடமும், பாடியவரிடம் ஒரு கேள்வியும் போதும்.

கொல்லிமலையில் பாடியவர்களுள் பலர் அப்போதே முதியவர்கள். பதிவுசெய்தவர்களுக்கும் இப்போது வயதாகிவிட்டது; பாடியது யார் என்பது அவர்களுடைய நினைவில் மட்டுமே இருக்கிறது. தகட்டைக் கையில் எடுத்து, பாட்டைக் கேட்டு, "இது இன்னார் குரல்" என்று அவர்கள் சொல்லக்கூடிய காலம் இன்னும் சிறிது இருக்கிறது. கொல்லிமலைப் பதிவுகளோ பச்சைமலை, கல்வராயன்மலை, சேர்வராயன்மலைப் பதிவுகளோ கையில் வைத்திருக்கும் நண்பர்கள் இந்த வாரமே ஒரு தகட்டை எடுத்து, அதைப் பதிவுசெய்தவரோடு உட்கார்ந்து கேட்டு, தெரிந்த வரிகளை மட்டுமாவது எழுதிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். தெரியாத வரிகளை வெறுமையாக விட்டுவைத்தால், ஊருக்குள் கேட்டு நிரப்ப வேறு யாராவது வருவார்கள்.